மாவட்டத்துக்கு மூணு

அந்தப் பெட்டியை இறக்கியது நான்தான்.
நாற்பதடி, நீலம், பக்கவாட்டில் ஒரு நெளிசல்.
மூன்றாம் ஷிப்ட். மழை விட்டிருந்தது.
முட்டைக் கூடையை வைக்கிற பதமாக
டிரெய்லர் மேல் வைத்தேன்.
உள்ளே என்னவென்று மறுநாள்தான்
டேலி கிளார்க் பன்னீர்தாஸ் சொன்னான்:
"சீமைச் சரக்கு தலைவா.
நீ கேட்டுனே இருப்பியே, பொக நாத்தம் புடிச்சது,
அதுவும் உள்ள கீது."

அந்தப் புகை நாற்றம்.
ஆறு வருஷத்துக்கு முன்னால்
பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன், இரண்டாம் இன்ஜினியர்,
பிறந்தநாள் என்று காகிதக் கப்பில் ஊற்றினான்.
ஒரு வாய்தான்.
கருவாட்டின் மேல் விழுந்த தூறல்,
வெயிலில் நிற்கும் தார் டிரம்,
ஸ்டான்லி ஆஸ்பத்திரி டிஞ்சர்,
யார்டில் நனைந்த கரி
ஒவ்வொன்றாய்த் தொண்டையில் இறங்கி
கடைசியில், எங்கிருந்தோ, கொஞ்சம் தேன்.
குளிர்தேசத்துத் தீவில் செய்ததாம்.
நான் நம்பவில்லை.
காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில்
எவனோ காய்ச்சியது அது.

ஏகாம்பரம், எலைட் கடை சூப்பர்வைசர்,
"வரும்" என்றார் தையில்.
"இண்டெண்ட் போட்டிருக்கு" என்றார் பங்குனியில்.
ஆடியில்,
"வந்துச்சு. போயிடுச்சு."
எத்தனை வந்தது?
"மாவட்டத்துக்கு மூணு."
ஒன்று, பெயர் சொல்லக் கூடாதவர் வீட்டுக்கு.
ஒன்று, பெயர் சொல்லத் தேவையில்லாதவர் மச்சானுக்கு.
மூன்றாவது உடைந்துவிட்டது.
"உடைஞ்சிடுச்சா?"
"கணக்குல."

ரேஷனில் பாமாயில் இல்லையென்றாலும்
கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான்
இல்லை என்பார்கள்.
இங்கே முகத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

நான் குடிகாரன் இல்லை.
குடிகாரனுக்கு எது வந்தாலும் சரி,
பத்து ரூபாய் மேலே வைத்தால் முடிந்தது.
இன்னதுதான் வேண்டும் என்கிறவனுக்குத்தான்
இந்த ஊரில் நாக்கு வறள்கிறது.
மெட்டில்டாவே சொல்லிவிட்டாள்,
"ஒரு பாட்டில் தானே, வாங்கித் தொலை."
பீரோவில் மஞ்சள் கவரில் ஒன்பதாயிரம்.
கிறிஸ்துமஸுக்குக் குறையும்,
போனஸில் நிரம்பும்,
இரண்டு தடவை ஸ்கூல் ஃபீஸாகிப் போய்
திரும்பி வந்திருக்கிறது.

"நகராத பிராந்தி ஆறு எடுத்துக்க,
அடுத்த லோடுல பார்க்கலாம்" என்றார் ஏகாம்பரம்.
எடுத்தேன்.
ஆறும் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.
என் மைத்துனன்கூடத் தொடவில்லை.
அடுத்த லோடில் ஏகாம்பரத்துக்கு
ஆவடிக்கு மாற்றல்.
புதிதாக வந்தவர் கேட்டார்:
"நீங்க யார் சொல்லி வர்றீங்க?"

போன வாரம் மூலக்கொத்தளத்தில்
இசக்கியப்பன் காயலான் கடை.
மிக்ஸி ஜார்களுக்கு நடுவே
பச்சைக் கண்ணாடி, வெள்ளை லேபிள்.
ஆறு வருஷம் கழித்தும்
கூட்டத்தில் தெரிந்தவன் முதுகைக் கண்டதுபோல்
கண்டுகொண்டேன்.
"எவ்ளோ?"
"அது கொடுக்கதுக்கில்ல அண்ணாச்சி.
சொல்லி வச்சிருக்காவ. எண்ணூறு."
"காலி பாட்டில்யா."
"காலிதான். லேபிள் கிழியல, கார்க்கும் இருக்கு.
அதுக்குத்தான் துட்டு."
யார் சொல்லி வைத்தார்கள் என்று கேட்டால்
அதே பார்வை. ஏகாம்பரத்துடையது.
அந்தப் பாட்டிலில் இனி எது நிரம்பும்,
எந்த மச்சான் அதை மூடியைத் திறந்து
ஆகா என்பான் என்பது
எனக்கும் விளங்கிற்று.
மகா ஜனங்களே, அவனுக்கும்
அது ஒதுக்கீட்டில்தான் கிடைக்கும்.

கார்க்கை இழுத்து மூக்கருகே பிடித்தேன்.
தார் இருந்தது. டிஞ்சர் இருந்தது.
நனைந்த கரி, லேசாக.
தேனைக் காணோம்.
"போதும் அண்ணாச்சி,
வாசனை போயிரும்."

அன்று இரவு ஷிப்டில்
நீலப் பெட்டி ஒன்று வந்தது.
கொஞ்சம் பலமாகவே இறக்கினேன்.
சத்தம் கேட்டுப் பன்னீர்தாஸ் ஓடிவந்து
பேப்பரைப் பார்த்தான்.
டைல்ஸ்.